ஸ்வே பார்: அடியோடு கழற்றுவதா, தேவைக்கு அவிழ்ப்பதா?

பாறைத் தடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுழன்றால் பழி முதலில் ஸ்வே பார் மேல்தான் விழும். பாதி நியாயம்தான். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி அது. ஒன்று மேலே ஏறினால் மற்றதையும் கூடவே தூக்கப் பார்க்கும். வளைவில் வண்டியைச் சாயவிடாமல் பிடிப்பதும் இதே குணம்தான்.

அடியோடு கழற்றினால் காசு செலவில்லை. மெதுவாகப் போகும்போது சக்கரங்கள் தரையை விடாது, பள்ளங்களில் தலை இடமும் வலமும் ஆடுவதும் குறையும். ஆனால் வண்டி திரும்பி வருவது தார் ரோட்டில்தானே? 80 கிலோமீட்டர் வேகத்தில் எதற்காவது சட்டென்று ஒதுங்கினால் சாய்வு முழுசாகத் தெரியும். முன்பக்க பார் போனால் சாய்வைத் தாங்கும் சுமை பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. பின்பக்கம் வழுக்கி விலகும் வாய்ப்பு கூடுகிறது. கூரைமேல் கூடாரம் வேறு இருந்தால் சொல்லவே வேண்டாம். வண்டி வழுக்கினால் தானே பிரேக் போட்டு நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் பார் இருக்கிறது என்ற கணக்கில் அமைக்கப்பட்டதுதான்.

பாரின் முனையை ஆக்ஸிலோடு இணைக்கும் சிறு கம்பிதான் லிங்க். கையாலேயே சட்டென்று அவிழ்க்கும் குயிக் டிஸ்கனெக்ட் லிங்க் போடுவது இதற்கு நடுவழி. தடம் தொடங்கும் இடத்தில் லிங்க்கின் பூட்டுப் பின்னை உருவ வேண்டும், முடிந்ததும் மாட்ட வேண்டும். கேட்கச் சுலபம். சமதளத்தில் நிறுத்தாவிட்டால் பார் முறுக்கேறி நிற்கும், அந்தப் பூட்டுப் பின் அசையவே அசையாது. மாட்டும்போது துளை நூல் அளவு விலகி நின்று கடுப்பேற்றும். பம்பர் மேல் ஒருவர் ஏறி நின்று அழுத்தினால் சரியாக உட்காரும். அவிழ்த்த லிங்க்கை மேலே இழுத்துக் கட்டாமல் விட்டால் டயரிலோ பிரேக் ஹோஸிலோ உரசும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

சேற்றில் இறங்கச் சோம்பலா? பொத்தானில் அவிழும் பாரும் உண்டு. 2005 மாடல் ராம் பவர் வேகன் பிக்கப்பிலும், பிறகு ஜீப் கிளாடியேட்டர் ரூபிகானிலும் கம்பெனியே முன்பக்கம் இதைப் பொருத்தியது. குறைந்த வேகத்தில்தான் அவிழும், வேகம் கூடினால் தானே இணையும். வசதிதான், ஆனால் மோட்டாரும் வயரிங்கும் இருப்பது தண்ணீரும் சேறும் தெறிக்கிற இடத்தில். பழைய பிக்கப்பில் இதற்காக மெனக்கெடுவது வீண்.

இத்தனைக்கும் முன்னால் வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். முன்பக்கம் ஒரே தண்டாகச் சாலிட் ஆக்ஸில் இருந்தால் பாரை அவிழ்ப்பதில் பலன் கண்கூடாகத் தெரியும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஆர்ம் உள்ள சஸ்பென்ஷன் என்றால் சக்கரம் இறங்கும் தூரத்தை ஆர்மும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் ஏற்கெனவே கட்டிப்போட்டிருக்கின்றன, கிடைப்பது கொசுறுதான். பின்னால் லீஃப் ஸ்பிரிங் உள்ள பல பிக்கப்களில் பின்பக்க பாரே கிடையாது, கழற்ற என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட வண்டியில் காசை முதலில் பின்பக்க டிஃப் லாக்கில் போடுவேன், அதாவது இரண்டு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டும் கருவியில். ஒரு சக்கரம் தொங்கினாலும் தரையில் இருக்கும் மற்றது தள்ளிவிடும். பாரில் கைவைக்கவே வேண்டாம்.