டார்க் எர்த்: ஏழு ஸ்பூன், ஏழு நிறம்

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏழு பிளாஸ்டிக் ஸ்பூன்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஏழிலும் பூசியிருந்தது டார்க் எர்த். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களின் முதுகில் இருந்த மண் நிறம். ஐந்து கடையில் வாங்கியவை, ஒன்று நான் கலக்கியது, ஒன்று புதுப்பேட்டையில் கலக்கி வாங்கியது. ஒரு ஸ்பூன் வேர்க்கடலைத் தோல் மாதிரி சிவந்திருந்தது. ஒன்று பால் தூக்கலான காபி. ஒன்றில் லேசாகப் பச்சை ஓடியது. கீழ் வீட்டுப் பையன் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, எல்லாம் ஒரே கலர்னு சொல்றீங்க, ஒண்ணுகூட ஒத்துப்போகலையே?" என்றான்.

எனக்குத் தேவை நான் செய்யும் ஒரு பிளாஸ்டிக் மாடலுக்கு மட்டும்தான், ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானம். 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப் படையின் முதலாம் ஸ்குவாட்ரன். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக, இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 17 சென்டிமீட்டர். மேலே டார்க் கிரீனும் டார்க் எர்த்தும், அடியில் மீடியம் சீ கிரே. வட்டச் சின்னத்தில் சிவப்பு கிடையாது, இரண்டு நீலம் மட்டும். சிவப்பு இருந்தால் ஜப்பான் விமானம் என்று நினைத்து நம் ஆட்களே சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

சரி, எந்த டார்க் எர்த் சரியானது? முதலில் எதோடு ஒப்பிடுவது என்று முடிவாக வேண்டும். பலர் பழைய புகைப்படத்தைத்தான் எடுக்கிறார்கள். கருப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறம் தேடுவதில் ஒரு சிக்கல் உண்டு. அக்காலத்தில் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமும் புழக்கத்தில் இருந்தது. அதற்குச் சிவப்பு தெரியாது, கருப்பாகவே விழும், நீலம் வெளுத்துவிடும். எந்த ஃபிலிம் என்று தெரியாமல் சாம்பலின் அடர்த்தியைப் பார்த்து நிறம் சொல்வது ஜோசியம்தான். போன் திரையில் வரும் வண்ணப் படங்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. என் போனில் செம்மண்ணாகத் தெரிவது தம்பி போனில் சந்தனமாகத் தெரிகிறது.

அடுத்தது அமெரிக்காவின் நிறப் பட்டியலான ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595. ஐந்து இலக்க எண். முதல் இலக்கம் 1 என்றால் பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 மங்கல். டார்க் எர்த்துக்கு 30118 நெருங்கி வரும் என்பார்கள். ஆனால் இந்தப் பட்டியல் வெளிவந்ததே 1956-இல், போர் முடிந்து பதினோரு வருடம் கழித்து. அமெரிக்க நிற அட்டையில் பிரிட்டிஷ் நிறத்தைத் தேடினால் கிடைப்பது ஒன்றுவிட்ட சொந்தம்தான். பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 381சி-யில் பெயரோடே இருக்கிறது: டார்க் எர்த் 450, டார்க் கிரீன் 641, மீடியம் சீ கிரே 637. என் ஓட்டு இதற்கே. முழு அட்டைப் புத்தகம் விலை அதிகம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, லைப்ரரி புத்தகம் போல மாறி மாறி வைத்துக்கொள்கிறோம்.

அட்டை வந்த பிறகு டப்பாக்களின் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. நிறத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். சென்னையில் உண்மையான போட்டி, எந்த வகைப் பெயிண்ட் நம் காற்றோடு ஒத்துப்போகிறது என்பதில்தான்.

பிரஷ்காரர்களுக்கு இனாமல், மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட். ஹம்ப்ரோலின் 14 மில்லி தகர டப்பாவில் 29 என்றால் டார்க் எர்த், 30 டார்க் கிரீன். நம்பர் சொன்னாலே பழைய ஆட்களுக்குப் புரியும். பிரஷ் கோடுகள் தானாக அடங்கிவிடும், அந்த அழகு வேறு எதிலும் வராது. ஆனால் பொறுமை வேண்டும். சித்திரையில் மறுநாளே தொடலாம். ஐப்பசி மழையில் மூன்றாம் நாளும் விரல் ரேகை பதியும். டர்பன்டைன் வாடைக்கு என் அம்மா சொல்வது: "ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

வாடையே வேண்டாம் என்றால் தண்ணீர் அக்ரிலிக். ஸ்பெயினிலிருந்து வரும் வல்லேஹோவின் சொட்டுப் புட்டிகள் இதில் பிரபலம். சொட்டு எண்ணிக் கலக்கலாம். ஐந்துக்கு ஒன்று என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்தும் அதே நிறம் கிடைக்கும். கலப்பவனுக்கு இது பெரிய வசதி. இந்த வகைக்குப் பரம எதிரி கத்திரி வெயில். பெயிண்டைக் காற்றால் தூவும் ஏர்பிரஷ்ஷின் ஊசி நுனியிலேயே காய்ந்து சிறு குமிழாகக் கட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் இரண்டு சொட்டு விட்டால் கொஞ்சம் தாங்கும். ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்காமல் பூசினால் மாஸ்கிங் டேப்போடு நிறமும் கழன்று வந்துவிடும். முதல் பாடம் எனக்கு இதுதான். பாதி இறக்கை டேப்பில் ஒட்டிக்கொண்டு போனது.

நடுவில் நிற்பது ஆல்கஹால் கலந்த அக்ரிலிக், டமியாவின் எக்ஸ்எஃப் வரிசை மாதிரி. பிரிட்டிஷ் விமானங்களுக்கென்றே எக்ஸ்எஃப்-81 டார்க் கிரீன், 82 ஓஷன் கிரே, 83 மீடியம் சீ கிரே என்று மூன்று உண்டு. டார்க் எர்த்துக்கு எக்ஸ்எஃப்-52 ஃப்ளாட் எர்த்தில் தொடங்கி, அட்டையைப் பார்த்துக்கொண்டே திருத்துவது என் வழக்கம். பாரிமுனையில் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே இதற்குத் தின்னராகப் போதும். பிரஷ்ஷுக்கு ஆகாது, முதல் பூச்சை இரண்டாவது பூச்சு கரைத்துக் குழைத்துவிடும். ஏர்பிரஷ் உள்ளவருக்கு இந்த ஊரில் வருடம் முழுக்கக் கைகொடுப்பது இதுதான்.

காட்டமான கரைப்பானில் கலந்த பெயிண்டான லாக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மிஸ்டர் கலர் மாதிரியான லாக்கர் சில நிமிடங்களில் காய்ந்து, பிளாஸ்டிக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான். ஒரு கார்த்திகை மாலை, மழை விட்டதும் அவசரமாக டார்க் கிரீன் அடித்தேன். பத்து நிமிடத்தில் இறக்கை முழுக்கப் பூஞ்சை பிடித்த இட்லி மாவு மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஏர்பிரஷ்ஷுக்குக் காற்றுத் தரும் கம்ப்ரஸரில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொறியைத் திறந்தால் அரை மூடி தண்ணீர். மறுநாள் வெயிலில், ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் பனி மாதிரி அடித்ததும் வெள்ளை போய்விட்டது. கடற்கரை ஊரில் லாக்கர் அடிப்பதானால் மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல். ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் இல்லாமல் தொடவே கூடாது. துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும். இன்னொரு வேடிக்கை, எரியும் சரக்கு என்பதால் இதைக் கூரியரில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். விமானத்துக்கான பெயிண்ட் லாரியில்தான் வந்து சேர்கிறது.

இப்போது ஏழாவது ஸ்பூன். அட்டையோடு புதுப்பேட்டைக்குப் போய், கார் பெயிண்ட் கலக்கும் ஒரு கடையில் நீட்டினேன்.

"என்ன வண்டி சார்?"

"ஹரிக்கேன்."

"மாருதியா, டாடாவா?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, பேஸ் டப்பாக்களைத் திறந்து எடைத் தராசில் சொட்டுச் சொட்டாக விட்டார். மஞ்சள், சிவப்பு ஆக்சைடு, கருப்பு, கொஞ்சம் வெள்ளை. தகரத் துண்டில் தீற்றி, ஊதி, அட்டையோடு வெயிலில் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் முறை அட்டை எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்படி ஒரு கண். சிக்கல் இரண்டு. கால் லிட்டருக்குக் குறைந்து கலக்க மாட்டார். எனக்குத் தேவை நாலைந்து மில்லி, மீதியில் அர்ஜன் சிங்கின் ஸ்குவாட்ரன் முழுவதற்கும் பூசலாம். அடுத்தது, அதன் தின்னர் காட்டமானது. மாடல் கிட்டில் பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் கழிவுக் குச்சியில் சோதித்தபோது பிளாஸ்டிக் நெளிந்தது. நல்ல ப்ரைமர் மேல், மெல்லிய பூச்சாக மட்டும்தான் அடிக்கலாம்.

இன்னொன்றும் நடந்தது. வெயிலில் அட்டையோடு அப்படியே பொருந்திய அந்த ஸ்பூன், வீட்டுக்குள் எல்.இ.டி. விளக்கடியில் சிவந்துவிட்டது. வேறு வேறு நிறமிகளால் கலந்த இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து, இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். ஜவுளிக் கடையில் பிளவுஸ் பிட்டை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறோமே, அதே காரணம்தான். என் ஹரிக்கேன் நிற்கப்போவது ஹாலில் கண்ணாடி அலமாரியில். எனவே கடைசித் தேர்வை ஹால் விளக்கில்தான் நடத்தினேன். அங்கே நான் ஃப்ளாட் எர்த்தில் கலந்த ஆறாவது ஸ்பூன் ஜெயித்தது.

"கொஞ்சம் இருட்டா இல்ல?" என்றான் பையன். கேட்க வேண்டிய கேள்விதான். 1/72 மாடலை ஓர் அடி தள்ளிப் பார்ப்பது, நிஜ விமானத்தை 72 அடி தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக் கூட நிறம் வெளுக்கும். சிலர் பத்தில் ஒரு பங்கு வெள்ளை சேர்க்கிறார்கள். டார்க் கிரீனில் வெள்ளை விட்டால் பாசிப் பருப்புப் பாயசம் மாதிரி ஆகிவிடும் என்பது என் கருத்து. அதனால் வெளிர் மஞ்சள்பழுப்பு ஒரு சொட்டு விடுகிறேன். தவிர, பர்மா வெயிலில் நின்ற விமானம் எதுவும் அட்டை நிறத்தில் ரொம்ப நாள் இருந்திருக்காது. இறக்கையின் மேற்புறம் முதலில் வெளுத்திருக்கும், நிழல் விழும் வயிற்றுப் பக்கம் கடைசியில். அந்த வேறுபாட்டைக் காட்ட, அடித்தளம் சரியான நிறத்தில் இருந்தாக வேண்டும்.

ஹரிக்கேனுக்கு முதல் பூச்சு முடிந்துவிட்டது. அடுத்தது நம்ம ஊர் சமாச்சாரம்: போர்க்காலத்தில் செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறிய 240-ஆம் ஸ்குவாட்ரனின் காட்டலினா, தண்ணீரில் இறங்கும் விமானம். அதற்கு எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே வேண்டும். நேற்று தெருமுனைக் கடையில் இன்னொரு பாக்கெட் ஸ்பூன் கேட்டேன். "வீட்ல விசேஷமா சார்?" என்றார் கடைக்காரர்.