பூசுவதா, இடிப்பதா, ஆகாயத்தை விற்பதா?

பழைய தெருவில் சொந்த வீடு இருக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. ஓடு ஒழுகும், உத்தரத்தில் கரையான் ஏறும், தம்பி துபாயில் இருப்பார், அத்தை மகன் பங்கு கேட்பார். ஒருநாள் பில்டர் வந்து உட்கார்ந்து, "ஜாயின்ட் வென்ச்சர் போட்டுக்கலாம் சார், உங்களுக்கு ரெண்டு ஃபிளாட்" என்பார். ஒரு வீட்டுக்கே இந்தப் பாடு. ஒரு பேட்டை முழுவதையும் புதுப்பிக்க நினைக்கும் ஊர் என்ன செய்யும்? மும்பையின் பெண்டி பஜார் இடித்துக் கட்டுகிறது. புதுச்சேரி பழுது பார்த்துப் பூசியது. அகமதாபாத்தோ வீட்டுக்கு மேலே இருக்கும் வெற்று ஆகாயத்தை விற்கச் சொல்கிறது.

பெண்டி பஜாரிலிருந்து தொடங்கலாம். சுமார் 16.5 ஏக்கர், 250 கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். பெரும்பாலும் வேலை தேடி வந்த ஒண்டி ஆண்கள் தங்குவதற்காக எழுப்பிய கட்டடங்கள் அவை. பின்னால் ஒவ்வோர் அறையும் ஒரு குடும்பமானது, கழிப்பறை மட்டும் பொதுவாகவே நின்றது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வாடகை ஏறவே இல்லை. வராத வாடகைக்கு எந்த உரிமையாளர் கொத்தனாரைக் கூப்பிடுவார்?

2009இல் அங்கே பெருமளவில் வாழும் தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் சைஃபீ புர்ஹானி அறக்கட்டளை மொத்தத்தையும் இடித்துக் கோபுரங்கள் கட்டும் வேலையைக் கையில் எடுத்தது. வாடகைக்கு இருந்தவருக்குக் குறைந்தது 350 சதுர அடி, அதுவும் சொந்தமாக, உள்ளேயே கழிப்பறையோடு. கூடுதலாகக் கட்டும் வீடுகளைச் சந்தையில் விற்றுச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டுவது கணக்கு. 2020இல் முதல் கோபுரங்களுக்குக் குடும்பங்கள் திரும்பி வந்தன.

ஆனால் அதற்குள் 2017 ஆகஸ்ட் 31 வந்துபோனது. ஹுசைனி என்ற கட்டடம் காலையில் சரிந்து 33 பேர் இறந்தார்கள். இடிக்க வேண்டிய பட்டியலில் இருந்த கட்டடம்தான். சில குடும்பங்கள் முன்பே தற்காலிக வீடுகளுக்குப் போய்விட்டன, மற்றவை போகவில்லை. இடித்துக் கட்டும் வழியில் எனக்குப் பெரிய பயமே இந்த நடுக்காலம்தான். வரைபடத்தில் பழையதும் இருக்கும் புதியதும் இருக்கும், இரண்டுக்கும் நடுவே குடும்பம் எங்கே படுக்கும் என்பது இருக்காது.

சுற்றுச்சூழல் கணக்கிலும் இந்த வழிக்கு மார்க் குறைவு. நல்ல செங்கல்லும் தேக்கும் லாரி லாரியாக இடிபாடாகப் போகும், சிமென்டும் கம்பியும் புதிதாக வரும். அதன் பிறகு லிஃப்ட், மோட்டார், மாதாமாதம் மெயின்டனன்ஸ். இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: பெண்டி பஜாரில் நான் இருந்திருந்தால் இடிக்கத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். எவ்வளவு பழுது பார்த்தாலும் அங்கே வீட்டுக்குள் கழிப்பறை முளைக்காது. ஆனால் அந்தத் திட்டத்துக்குப் பின்னால் ஒரு சமூகமும் அதன் பணமும் நின்றன. அது இல்லாத ஊரில் இதே மாதிரியைக் காப்பியடித்தால் கடைசியில் மிஞ்சுவது பில்டர் மட்டும்தான்.

இனி புதுச்சேரி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இருக்கிறது வைசியாள் வீதி. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் அரசும், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, 2000களின் தொடக்கத்தில் அந்தத் தெருவின் முகப்புகளை மீட்டன. வீட்டுக்காரர்களும் செலவில் ஒரு பங்கு போட்டார்கள். திண்ணையும், அதற்கு மேலே மரத்தூண் தாங்கிய ஓட்டுத் தாழ்வாரமும் திரும்ப வந்தன. 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

இங்கே சூட்சுமம் சுவரில் இருக்கிறது. பழைய சுவர் சுண்ணாம்பில் எழுந்தது. ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அவசரத்துக்கு அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஓரிரு மழைக்காலம் போனதும் அடியில் உப்பு பூத்து, பெயின்ட் உப்பி, காரை பொத்தென்று விழும். அப்போது "சுவரே போச்சு, இடிக்கத்தான் வேணும்" என்று தீர்ப்பு சொல்வார்கள். போனது சுவர் அல்ல, சிமென்ட் பூச்சு. கூரையும் அப்படித்தான். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய தட்டைக் கூரையில் மரச் சட்டங்களின்மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டில் நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். ஒரு சட்டம் உளுத்தால் அதைத் தாங்கி மாற்ற முடியும். அதற்குத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம்.

குறை? முகப்பு தெருவுக்கு அழகு, உள்ளே முற்றம் ஒழுகுவது வீட்டுக்காரர் தலையெழுத்து. தெரு அழகானதும் மதிப்பு ஏறுகிறது, அழகான வீட்டுக்கு விருந்தினர் விடுதியே லாபம், திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா புறநகர் ஃபிளாட்டுக்குப் போகிறார். அரசே தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளாத கதையும் உண்டு: கடற்கரைச் சாலையில் மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் பழுதுக்காகக் காத்திருந்தே 2014 மழையில் இடிந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள்.

மூன்றாவது அகமதாபாத், 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய முதல் இந்திய நகரம். அங்கே தெருக்கொத்துகளுக்குப் போள் என்று பெயர். குறுகிய சந்து, செதுக்கிய மர முகப்பு, பல வீடுகளில் முற்றத்துக்கு அடியில் மழைநீர் சேரும் டாங்கா என்ற தொட்டி. 2001 பூகம்பத்தில் அந்நகரில் சரிந்து உயிர் குடித்தவை பெரும்பாலும் புதிய கான்கிரீட் அடுக்குமாடிகள். மரச்சட்டம் கோத்த பழைய வீடுகள் பெருமளவு தாக்குப்பிடித்தன. "பழசு என்றால் ஆபத்து" என்பவர்களுக்கு இதை மெல்ல நினைவூட்டலாம்.

அங்குள்ள ஏற்பாடு இது. பாரம்பரியக் கட்டடம் என்று நகராட்சி பட்டியலிட்ட வீட்டின்மேல் மாடி எழுப்ப முடியாது. எழுப்பாமல் விட்ட அந்த உரிமையை ஊரின் வேறு பகுதியில் கட்டும் பில்டருக்கு விற்கலாம், டி.டி.ஆர். (மாற்றித் தரக்கூடிய கட்டுமான உரிமை) என்பார்கள். அந்தப் பணத்தில் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். அரசுக்கு மானியச் செலவு இல்லை, வீட்டுக்காரருக்கும் "ஏன்தான் பட்டியலில் சேர்த்தார்களோ" என்ற ஆற்றாமை இல்லை. மூன்றிலும் புத்திசாலித்தனமான வழி இதுதான் என்பேன்.

ஆனால் விற்கப் பத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும். நாலு தலைமுறை வீட்டில் பங்காளிகள் பதினாறு பேர் என்றால் பதினாறு கையெழுத்தும் வேண்டும். வாடகைக்கு இருப்பவருக்கோ இதில் ஒன்றுமே இல்லை. பெண்டி பஜாரில் வாடகைக்காரர்தான் ராஜா, இங்கே அவர் கணக்கிலேயே வரமாட்டார்.

ஆகவே உங்கள் தெருவுக்கு எது என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது கட்டடத்தின் வயதை அல்ல, உள்ளே இருப்பவர் யார் என்பதை. வாடகைக் குடும்பங்கள் அறைக்கொன்றாக நெருக்கியிருந்தால் பெண்டி பஜார் பக்கம் போகலாம், நடுக்கால வீடு தயாரானபின் மட்டும். சொந்தக்காரரே குடியிருந்தால் புதுச்சேரியின் சுண்ணாம்பும் அகமதாபாத்தின் பணமும் சேர்ந்தால் போதும். பில்டருக்கு பதில் சொல்வதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, சிமென்ட் பூச்சை ஓரிடத்தில் கொத்திப் பாருங்கள், உள்ளே செங்கல் எப்படி இருக்கிறதென்று. அப்புறம் துபாய் தம்பிக்கு ஒரு போன்.