டப்ளின், சான் ரமோன் பக்கம் டவுன்ஹோம் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கலிஃபோர்னியாவில் டப்ளின், சான் ரமோன், பிளசன்டன் பக்கம் டவுன்ஹோமோ (பக்கச் சுவர் ஒட்டிய மாடி வீடு) காண்டோவோ (கட்டடமும் நிலமும் பொதுவாக, உள்ளே இருக்கும் இடம் மட்டும் சொந்தமாக இருக்கும் வீடு) தேடிக்கொண்டிருக்கும் நண்பர்கள், ஆஃபர் போடுவதற்கு முன்னால் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். 2024 கோடையில் இந்த மூன்று ஊர்களில் ஒன்றில் நாங்கள் ஒரு டவுன்ஹோம் வாங்கினோம். புது வீட்டில் முதல் பொங்கல் வைத்த வாரத்திலேயே, வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கமான ஹெச்.ஓ.ஏ.விடமிருந்து கடிதம் வந்தது. பால்கனிகளைப் பழுதுபார்க்க வீட்டுக்கு 19,400 டாலர் ஸ்பெஷல் அசெஸ்மென்ட், அதாவது சந்தாவுக்கு மேல் தனியாகக் கட்டவேண்டிய தொகை. கூடவே மாதச் சந்தா 425 டாலரிலிருந்து 510.

செலவு வந்ததற்காக மட்டும் இதை எழுதவில்லை. பழைய கட்டடம் என்றால் செலவு வரத்தான் செய்யும். இந்தச் செலவு வரப்போகிறது என்று எழுதியிருந்த காகிதம் நாங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எங்கள் ஏஜென்ட்டின் கையில் இருந்தது. நாங்கள் எழுதிக் கேட்டும் அவர் அதைத் தரவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. தமிழர்தான். அபார்ட்மென்ட்டில் பழக்கமான குடும்பங்களின் வாட்ஸ்அப் குழு மூலமாக அறிமுகமானவர். "நம்ம பசங்களுக்குச் செய்யாம நான் யாருக்குத் தம்பி செய்யப்போறேன்" என்று முதல் நாளே சொன்னார். கோயில் விசேஷங்களில் பார்த்திருக்கிறோம், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகப் படிக்கிறார்கள். இந்த ஊர்களில் இளம் குடும்பங்கள் எதற்காக வருகின்றன என்று அவருக்கு அத்துப்படி. நல்ல பள்ளிகள், 580, 680 இரண்டு நெடுஞ்சாலைகளும் சந்திக்கும் இடம், வேலைக்குப் போக பார்ட் ரயில். தனி வீடு கட்டுப்படியாகாது, அதனால் டவுன்ஹோமில் வந்து நிற்போம். எங்கள் பட்ஜெட் அவருக்குத் தெரியும், மகள் எந்த வகுப்புக்குப் போகப்போகிறாள் என்பதும் தெரியும்.

வீட்டைப் பார்க்கப் போனபோது பால்கனியின் அடிப்பக்கத்தில், ஸ்டக்கோ பூச்சுக்கு நடுவே, தேநீர்த் தட்டு அளவில் வட்டமான வெள்ளை பிளாஸ்டிக் மூடிகள் இரண்டு இருந்தன. பக்கத்து வீட்டுப் பால்கனியிலும் அதே மாதிரி இருந்தது. என் மனைவிதான் முதலில் கவனித்து, இது என்ன என்று கேட்டார். "வென்ட்மா, காத்துப் போறதுக்கு" என்றார் ஏஜென்ட், நின்றுகூடப் பார்க்காமல். சமையலறையின் புது குவார்ட்ஸ் மேடையைக் காட்ட உள்ளே கூட்டிப் போய்விட்டார்.

அது வென்ட் இல்லை. பொறியாளர் பூச்சில் துளை போட்டு, நுனியில் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, தாங்கு கட்டைகளைப் பார்த்துவிட்டு மூடிய இடம்.

இதன் பின்னணியைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கலிஃபோர்னியாவில் காண்டோ பார்க்கும் எல்லோரையும் தொடுகிற விஷயம் இது. 2015 ஜூன் மாதம் பெர்க்லியில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடிப் பால்கனி உடைந்து ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் கோடை விடுமுறைக்கு வேலை செய்ய வந்திருந்த அயர்லாந்து மாணவர்கள். தண்ணீர் இறங்கி உள்ளே மரம் உளுத்துப்போயிருந்தது, வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதைத் தொடர்ந்துதான் 2019-இல் எஸ்.பி. 326 என்ற சட்டம் வந்தது. மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள காண்டோ கட்டடங்களில், தரையிலிருந்து ஆறடிக்கு மேல் மரத்தின் பலத்தில் நிற்கும் பால்கனி, படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றுக்கும் ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை சங்கம் சோதனை நடத்தவேண்டும். முதல் சோதனைக்குக் கெடு 2025 ஜனவரி 1. அதாவது நாங்கள் வீடு தேடிய அந்தக் கோடையில், ஊரில் உள்ள ஹெச்.ஓ.ஏ.க்கள் எல்லாம் ஒன்று சோதனையை முடித்திருக்கும், இல்லை அவசர அவசரமாக நடத்திக்கொண்டிருக்கும். இதே தொழிலில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு அது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

சரி, ஆவணங்களுக்கு வருகிறேன். இங்கே வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் வாங்குபவருக்குச் சோதித்துப் பார்க்க 17 நாள் அவகாசம் உண்டு. பேசிக் குறைத்துக்கொள்வது வேறு. அந்தக் காலத்துக்குள் பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம், முன்பணம் திரும்பி வரும். இப்படி விலகும் உரிமைக்குக் கன்டின்ஜென்சி என்று பெயர். அதை நீக்கிக் கையெழுத்துப் போட்டபிறகு விலகினால் முன்பணம் போய்விடும், சாதாரணமாக விலையில் 3 சதவீதம் வரை. ஹெச்.ஓ.ஏ. சம்பந்தப்பட்ட ஆவணங்களை விற்பவர் தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. விதிகள், பட்ஜெட், ரிசர்வ் (பெரிய பழுதுகளுக்காகச் சங்கம் சேர்த்து வைக்கும் பணம்) விவரம் எல்லாம் அதில் அடக்கம். வாங்குபவர் கேட்டால் கடந்த 12 மாத நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகளையும் (மினிட்ஸ்) தரவேண்டும்.

நாங்கள் கேட்டோம், மின்னஞ்சலில் கேட்டோம். எங்களுக்கு வந்தது விதிப் புத்தகமும் பட்ஜெட் சுருக்கமும் மட்டுமே. மினிட்ஸ் எங்கே என்று மறுபடி எழுதினேன். வந்த பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது: "எல்லாம் வந்தாச்சு தம்பி, நானே பார்த்துட்டேன். கார்டனிங், கெஸ்ட் பார்க்கிங் சண்டைதான் இருக்கு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள கன்டின்ஜென்சி எடுக்கலைன்னா செல்லர் பேக்கப் ஆஃபருக்குப் போயிடுவாங்க." வரிசையில் அடுத்து நிற்கும் அந்தப் பேக்கப் ஆஃபர் என்று ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

கடிதம் வந்தபிறகு, எதிர் வீட்டில் பல வருடமாக இருக்கும் சீன அம்மா ஒருவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டார், உங்களுக்குச் சொல்லவில்லையா, வருட ஆரம்பத்திலிருந்தே எல்லாக் கூட்டத்திலும் இதே பேச்சுதானே என்று. சங்கத்தின் வேலைகளைப் பார்க்கும் மேலாண்மை நிறுவனத்துக்கு எழுதினேன். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே பணத்தையும் காகிதங்களையும் கையாளும் எஸ்க்ரோ மூலம் விற்பனைக்காகக் கேட்கப்பட்ட ஆவணங்களில் 12 மாத மினிட்ஸும் இருந்தது, முழுக் கட்டும் இரு தரப்பு ஏஜென்ட்டுகளுக்கும் போயிருக்கிறது என்று தேதியோடு பதில் வந்தது. நாங்கள் கன்டின்ஜென்சி நீக்கியதற்கு ஒரு வாரம் முன்னால் உள்ள தேதி. அந்த மினிட்ஸை வாங்கிப் படித்தபோது கை நடுங்கியது. ஏப்ரல் கூட்டக் குறிப்பில் பச்சையாக இருக்கிறது: துளை போட்டுப் பார்த்த பால்கனிகளில் பலவற்றில் தாங்கு கட்டை உளுத்திருக்கிறது, ரிசர்வில் போதிய பணம் இல்லை, வங்கிக் கடனா ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டா என்று அடுத்த கூட்டத்தில் முடிவு செய்யலாம். என் மகள் நின்று தெருவை வேடிக்கை பார்க்கும் பால்கனி அந்தப் பட்டியலில் இருந்தது. பணம் போனதைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பெர்க்லியில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒருவர், குழந்தை உள்ள குடும்பத்திடம் இதை மறைத்திருக்கிறார்.

விற்றவரும் சும்மா இல்லை. விற்பவர் நிரப்பித் தரும் கேள்வித்தாளில், வரவிருக்கிற அல்லது பேச்சில் இருக்கிற அசெஸ்மென்ட், சந்தா உயர்வு ஏதாவது தெரியுமா என்று தனியாக ஒரு கேள்வி உண்டு. அதில் 'இல்லை' என்று குறித்திருந்தார்.

இன்னொரு விஷயம். "இது டவுன்ஹோம், நிலமும் உங்களோடது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொத்துரிமையைக் காட்டும் டைட்டில் அறிக்கையில் இருப்பது காண்டோமினியம், அதாவது காண்டோ. மாடிப்படி வைத்து, கராஜ் வைத்து, பக்கச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்தால் பார்ப்பதற்கு டவுன்ஹோம்தான். சட்டப்படி அது காண்டோவாகவும் இருக்கலாம், நிலத்தோடு சேர்ந்த மனையாகவும் இருக்கலாம். எங்களுக்குச் சொந்தம் சுவர்களுக்கு உள்ளே இருக்கும் இடம். கூரை, வெளிச்சுவர், பால்கனியின் கட்டமைப்பு எல்லாம் பொது. அதனால்தான் எஸ்.பி. 326 எங்களுக்குப் பொருந்துகிறது, செலவும் எல்லோர் தலையிலும் விழுகிறது. ஏஜென்ட் பரிந்துரைத்த ஹோம் இன்ஸ்பெக்டரும் தன் அறிக்கையில் பால்கனிக்கு நேராக "பொதுப் பகுதி, சங்கத்திடம் கேட்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சங்கத்திடம் கேட்டதற்கு வந்த பதிலைத்தான் இடையில் இருந்தவர் அமுக்கிவிட்டாரே.

கடன் விஷயத்திலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 2021-இல் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் காண்டோ இடிந்து 98 பேர் இறந்தபிறகு, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் நிறுவனங்களான ஃபேன்னி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் விதிகளை இறுக்கின. அவர்கள் வாங்கும் வகைக் கடன் என்றால், கட்டடத்தில் முடிக்காத பெரிய பழுது இருக்கிறதா, அசெஸ்மென்ட் இருக்கிறதா என்று வங்கி ஹெச்.ஓ.ஏ.விடம் கேள்வித்தாள் அனுப்பும். பிரச்சினை இருந்தால் கடன் அங்கேயே நின்றுவிடும். எங்களுக்குக் கொஞ்சம் குறைந்த வட்டியில் வேறு இடத்தில் கடன் கிடைப்பதாக இருந்தும், "காண்டோ ரிவ்யூன்னு இழுத்தடிப்பாங்க, என் ஆள்கிட்டயே போங்க" என்று ஏஜென்ட் பிடிவாதம் பிடித்தார். அவர் ஆள் கொடுத்தது வங்கி தன்னிடமே வைத்துக்கொள்ளும் கடன். அந்தக் கேள்வித்தாளே எழவில்லை. என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் ஏஜென்ட்டே வங்கியையும் இன்ஸ்பெக்டரையும் கொண்டுவந்தால் நம் பக்கத்தில் கேள்வி கேட்க ஒருவரும் மிஞ்சுவதில்லை என்பது அனுபவம்.

சந்தா உயர்வைப் பற்றி: நிர்வாகக் குழு, சங்க உறுப்பினர்களின் ஓட்டு இல்லாமலே மாதச் சந்தாவை வருடத்துக்கு 20 சதவீதம் வரை ஏற்றலாம். 425 எப்படி 510 ஆனது என்று கணக்குப் போட்டால் சரியாக அதுதான். ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டுக்கு வருட பட்ஜெட்டில் 5 சதவீதம்தான் வரம்பு, அதற்கு மேல் ஓட்டு வேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற அவசரம் வந்தால் அந்த வரம்பு கிடையாது. சந்தா ஏறியதற்குப் பெரிய காரணம் காப்பீடு. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீடு எடுப்பதை நிறுத்தியதிலிருந்து இங்கே காப்பீடு கிடைப்பதே பாடு. எங்கள் சங்கத்தின் பழைய பாலிசி புதுப்பிக்கப்படாமல் போனதும் அதே மினிட்ஸில் இருக்கிறது.

பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இந்த முகவரிக்கு அந்த ஸ்கூல் கேரண்டி" என்றார். எந்த ஏஜென்ட்டும் அப்படிச் சொல்ல முடியாது. வகுப்பு நிரம்பிவிட்டால் அதே மாவட்டத்தில் வேறு பள்ளிக்கு அனுப்புவது இங்கே நடப்பதுதான். புதுப் பள்ளி வந்தால் எல்லையும் மாறும், டப்ளினில் 2024-இல்தான் எமரால்டு உயர்நிலைப் பள்ளி திறந்தது. மாவட்ட அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள், இரண்டு நிமிட வேலை.

இப்போது நாங்கள் கலிஃபோர்னியா ரியல் எஸ்டேட் துறையிடம் ஏஜென்ட்டின் உரிமத்தின் மீது புகார் கொடுத்திருக்கிறோம். துறை பணத்தை வாங்கித் தராது, உரிமத்தின் மீதுதான் நடவடிக்கை எடுக்கும். பணத்துக்கு ஒப்பந்தப்படி முதலில் சமரசப் பேச்சு, அப்புறம்தான் மற்றது. சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனிநபர் கேட்கக்கூடியது 12,500 டாலர் வரைதான், எங்கள் தொகை அதைத் தாண்டுகிறது. அதனால் வக்கீல் வைத்திருக்கிறோம். புகார் கொடுத்தது தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் சிலர், நம்ம ஆளைப் போய் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். நம்ம ஆள் என்றுதானே எங்களை அவரிடம் அனுப்பினார்கள்? அதே குழுவில் இன்னும் இரண்டு குடும்பங்கள் அவரோடு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நேரிலேயே எல்லாக் காகிதத்தையும் காட்டிவிட்டேன்.

இப்போது ஒப்பந்தத்துக்குள் இருக்கிறவர்கள், கன்டின்ஜென்சி நீக்கும் தாளில் விரல் வைக்குமுன், ஹெச்.ஓ.ஏ.வின் மேலாண்மை நிறுவனம் எது என்று கண்டுபிடித்து நேராக அவர்களுக்கு எழுதுங்கள். 12 மாத மினிட்ஸ், கடைசி ரிசர்வ் ஆய்வு, எஸ்.பி. 326 சோதனை அறிக்கை, சங்கத்தின் காப்பீட்டுச் சான்று, ஏதாவது வழக்கு நடக்கிறதா என்ற விவரம், இவ்வளவும் எஸ்க்ரோவுக்கு அனுப்பியாகிவிட்டதா, எந்தத் தேதியில், எத்தனை கோப்புகள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலை உங்கள் ஏஜென்ட் அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோப்பு குறைந்தாலும் கையெழுத்தை நிறுத்துங்கள். அவகாசத்தை நீட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது பால்கனிக்கு அடியிலும் ஒரு முறை நின்று நிமிர்ந்து பாருங்கள். எங்கள் விஷயத்தில் மேலாண்மை நிறுவனத்தின் பதில் இரண்டு நாளில் வந்துவிட்டது, காசும் கேட்கவில்லை.