பொறியியல் கலந்தாய்வு உதவி மையம்: ஒரு அம்மாவின் அனுபவம்

என் மகளுக்கு 2023-ல் ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாளே என் தையல் கடைக்கு ஒருவர் வந்துவிட்டார். கல்வி ஆலோசனை மையமாம். 8,000 ரூபாய் கட்டினால் கலந்தாய்வு வேலை முழுவதையும் அவர்களே பார்ப்பார்களாம். கணக்கில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 86. கணக்கை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் கட்-ஆஃப் 172. "இதுக்கு நல்ல காலேஜ் கிடைக்காதுக்கா, மேனேஜ்மென்ட்ல போட்டுரலாம்" என்றார். பயந்துபோய் 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அது திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அரசின் கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போனோம். இந்த மையங்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கின்றன. பெரும்பாலும் பாலிடெக்னிக் அல்லது பொறியியல் கல்லூரிக்குள் இருக்கும். உதவிக்குக் காசு கிடையாது. விண்ணப்பப் பதிவுக்கு மட்டும் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்னாடியே வாங்கி வைத்திருந்ததால் சான்றிதழ் சரிபார்ப்பு சட்டென்று முடிந்தது.

2012-ல் என் அக்கா மகனின் கலந்தாய்வுக்காகச் சென்னை கிண்டிக்குப் போனது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இரவெல்லாம் பஸ். விடிந்ததும் அண்ணா பல்கலைக்கழக வளாகம். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும், பார்க்கப் பார்க்கக் குறையும். உள்ளே கூப்பிட்டதும் சில நிமிடத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். 2018-லிருந்து எல்லாம் இணையவழி என்பதால் அந்த அலைச்சல் இல்லை. ஆனால் விருப்பப் பட்டியலை நாமே போட வேண்டும். அங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், நாங்களும் தடுமாறினோம்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். மகள் சின்ன வயசிலிருந்தே அவரோடு கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போய் ரசமட்டம் பிடித்துப் பழகியவள். அவளுக்கு சிவில்தான் வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் என்றார்கள். அவளோ நோட்டில் 12 வரிதான் எழுதி வந்திருந்தாள், அதுவும் 172-க்குக் கிடைக்கும் என்று அவளே கணித்த கல்லூரிகளாகப் பார்த்து. மையத்தில் இருந்த பேராசிரியர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா, இதுல உனக்குப் பிடிச்சது எது?" என்று கேட்டார். அவள் ஏழாவது வரியைக் காட்டினாள்.

அவர் பொறுமையாக விளக்கினார். தரவரிசைப்படி நம் முறை வரும்போது, கணினி நம் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் விருப்பத்தில் இடம் இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. எட்டாத கல்லூரியை முதலில் போட்டாலும் நமக்கு நஷ்டம் கிடையாது. கிடைக்கும் என்று நினைப்பதை மேலே போட்டுவிட்டால்தான் நஷ்டம். அது கிடைத்ததும் கீழே இருக்கும் ஆசைப்பட்ட இடத்தைக் கணினி பார்க்கவே பார்க்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனை பிள்ளைகள் நல்ல இடத்தை விட்டிருப்பார்களோ என்று நினைத்தால் மனசு பதறுகிறது.

அன்று இரவே பட்டியலைத் திருப்பி எழுதினோம். கிண்டி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, மதுரை தியாகராசர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி என்று எல்லாம் சிவில். அதற்குக் கீழே தனியார் கல்லூரிகள். மொத்தம் 46 வரி. தனியார் கல்லூரிகளை வரிசைப்படுத்த அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதம் கைகொடுத்தது. ஊரில் பெரிய பெயர் எடுத்த ஒரு கல்லூரி அதைப் பார்த்த பிறகு எங்கள் பட்டியலில் ரொம்பக் கீழே இறங்கிவிட்டது.

இரண்டாம் சுற்றில் முதலில் கிடைத்தது ஒன்பதாவது விருப்பம். அதை ஏற்றுக்கொண்டு அப்வேர்ட் கொடுத்தோம். மையத்தில் பணத்தைக் கட்டிவிட்டு, மேலே இருக்கும் விருப்பங்களில் இடம் காலியாகுமா என்று காத்திருக்கும் முறை அது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மேலே இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் உண்மையிலேயே சேர விரும்பும் கல்லூரி மட்டும்தான் மேலே இருக்க வேண்டும். எங்களுக்கு நான்காவது விருப்பம், திருநெல்வேலி வந்தது. பக்கத்திலேயே அரசுக் கல்லூரி. அன்றைக்கு வீட்டுக்காரர் வேலைக்குப் போகவில்லை.

எந்தப் படிப்பு நமக்குச் சரி என்று இந்த மையம் சொல்லாது. அதை வீட்டில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பொறியியல் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் டிப்ளமோ முடித்து நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தான். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சரின் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள், ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர வேண்டும் என்று இப்போதே தயாராகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

இந்தச் சேவைக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். போகும்போது அசல் சான்றிதழ்களோடு, பதிவு செய்த எண் இருக்கும் போனையும் கையோடு கொண்டு போங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.