ஜிப்ஸி ஸ்டியரிங் ஆட்டம்: அலைன்மென்ட் பில்லைக் கட்டும் முன் படியுங்கள்

கோவையில் ஒரு டயர் கடை, 1999 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஒன்றுக்குப் போட்ட பில் இது: கம்ப்யூட்டர் வீல் அலைன்மென்ட், காஸ்டர் கேம்பர் கரெக்‌ஷன், நாலு வீல் பேலன்சிங், ஸ்டியரிங் பாக்ஸ் சர்வீஸ், புது ஸ்டியரிங் டாம்பர். மொத்தம் ₹11,400. வண்டிக்காரர் சொன்ன குறை இரண்டே இரண்டு. ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகம், 60 கி.மீ. வேகத்தில் ஒரு வீல் பள்ளத்தில் விழுந்தால் முன்பக்கம் மொத்தமும் உதறுகிறது. ஒரு மாதத்துக்குள் உதறல் திரும்பிவிட்டது. கூடவே, வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் நிற்கும் புதுக் கோளாறும் சேர்ந்துகொண்டது. மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு இது ஆளைக் கொல்லும் கோளாறு.

முதலில் அந்த "காஸ்டர் கேம்பர் கரெக்‌ஷன்". ஜிப்ஸியின் முன் ஆக்ஸில் ஒரே கட்டை, கமான் பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அலைன்மென்ட் மேடையில் ஸ்பானர் வைத்துத் திருப்பி மாற்றக்கூடியது டோ மட்டும்தான், அதாவது மேலிருந்து பார்த்தால் முன் வீல்கள் உள்ளே திரும்பியிருக்கும் அளவு. கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் கோணம்) 1 டிகிரி, காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் வீல் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) 3 டிகிரி 30 நிமிடம். இரண்டும் ஆக்ஸிலின் அமைப்பிலேயே இருப்பவை. காஸ்டரை மாற்ற வேண்டுமானால் ஆக்ஸிலைப் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டைக் கழற்றி, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஆப்பு வடிவ ஷிம் (தகடு) வைக்க வேண்டும். அந்தக் கடையில் யூ போல்ட்டை யாரும் தொடவில்லை. நட்டு மேல் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தது. ஆனால் பிரிண்ட் அவுட்டில் சிவப்பாக இருந்த காஸ்டர் எண் பச்சையாகிவிட்டது!

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. முன் வீல்களைச் சுழல் தட்டில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கமும் வலப்பக்கமும் குறிப்பிட்ட டிகிரிக்கு ஒடித்தால்தான் மெஷினால் காஸ்டரை அளக்க முடியும். வேலை முடிந்த பிறகு மறுபடி அப்படி ஒடித்துப் பார்க்காமல் தாளை நீட்டினால், அந்தக் காஸ்டர் எண்ணுக்கு மதிப்பே இல்லை. பக்கத்தில் நின்று பாருங்கள். "கஸ்டமர் வெயிட்டிங் ரூமில் உட்காருங்க சார்" என்பதெல்லாம் காதில் விழ வேண்டியதில்லை.

அடுத்தது "பாக்ஸ் சர்வீஸ்". ஸ்டியரிங்கின் சுழற்சியை வீலைத் திருப்பும் அசைவாக மாற்றும் கியர் பெட்டிதான் இந்தப் பாக்ஸ். செய்தது இவ்வளவுதான்: பாக்ஸின் மேல் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவின் லாக் நட்டைத் தளர்த்தி, ஆட்டம் போகும்வரை ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார்கள். கியர் ஆயில் லெவலைக்கூடப் பார்க்கவில்லை. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடும் என்பதால் பாக்ஸின் உள்ளே பற்கள் தேய்வதும் நடுப்பகுதியில்தான். தேய்ந்த நடுவுக்குப் பொருந்துமாறு ஸ்க்ரூவை இறுக்கினால், தேயாத ஓரங்களில் பல் பிடித்துக்கொள்ளும். ஒடித்த ஸ்டியரிங் திரும்பி வராதது அதனால்தான். சோதிப்பது சுலபம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பிட்மேன் ஆர்மிலிருந்து (பாக்ஸிலிருந்து வந்து அசையும் கை) டிராக் லிங்க்கை, அதாவது அந்தக் கையை வீல் பக்கத்தோடு இணைக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். நடுவில் மட்டும் லேசான பிடிப்பு இருக்கலாம். நடுவைத் தாண்டியும் இறுகினால் ஸ்க்ரூவைத் தளர்த்தியே ஆக வேண்டும். தளர்த்தினால் ஆட்டம் அதிகமாகிறதென்றால் பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று பொருள், ஸ்க்ரூவால் தீராது. ஸ்டியரிங் வீலின் விளிம்பில் 10 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் கம்பெனியே அனுமதிப்பது. பழைய ஜிப்ஸியில் அதைப் பூஜ்யமாக்கித் தருகிறேன் என்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

ஸ்டியரிங்கின் அதிர்வை அமுக்கும் டாம்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புது டாம்பர் உதறலைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும், காரணத்தைத் தீர்க்காது.

சரி, உண்மையான கோளாறு எங்கே இருந்தது? முன் வீலைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டியதும் டக் டக்கென்று சத்தம். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மறுபடி ஆட்டினால் சத்தம் அப்படியே இருந்தது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங், போகாவிட்டால் வீல் திரும்பும் அச்சாணியான கிங் பின். கீழ் கிங் பின்னைக் கழற்றியபோது, தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் கிரீஸ் வழிந்தது. அதன் பேரிங் கப்பைத் துடைத்துப் பார்த்தால், ரோலர்கள் உட்கார்ந்த இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம், நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. ஆக்ஸில் கோடியில் வீலைத் தாங்கித் திரும்பும் நக்கிளின் பெரிய ஆயில் சீல் கிழிந்து எவ்வளவு காலமாகிறதோ. இந்த நிலையில் எந்த மெஷினில் ஏற்றி டோ வைத்தாலும் அது நிற்காது.

பேரிங் மாற்றினால் மட்டும் போதாது, இறுக்கத்தை அளக்க வேண்டும். சீல் போடாமல், நக்கிள் ஆர்மில் டை ராடு எண்ட் (இரண்டு முன் வீல்களையும் இணைக்கும் கம்பியின் கோடி மூட்டு) உட்காரும் ஓட்டையில் சுருள் தராசை மாட்டி இழுங்கள். 1 முதல் 1.8 கிலோவுக்குள் நக்கிள் நகர ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்பே நகர்ந்தால் கிங் பின் அடியிலிருந்து ஷிம் எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சேர்க்க வேண்டும். தராசு இல்லாமல் "கையாலே தெரியும்" என்பவர் கையில்தான் பாதி ஜிப்ஸிகள் உதறிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது காரணம், முன்பே யாரோ உயரத்துக்காகப் போட்டிருந்த நீள ஷேக்கிள், அதாவது பட்டையின் கோடியைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு. ஜிப்ஸியில் முன் பட்டையின் ஷேக்கிள் முன்கோடியில் இருப்பதால், அது நீண்டால் ஆக்ஸில் முன்பக்கமாகக் கவிழ்ந்து காஸ்டர் குறையும். காஸ்டர் குறைந்தால் நேராக ஓடும் பிடிமானம் போய், வண்டி ரோட்டில் அலையும். ஒரிஜினல் அளவு ஷேக்கிள், புது புஷ். இந்த வண்டிக்கு ஆப்பு ஷிம் தேவைப்படவில்லை.

மூன்றாவதைக் கண்டபோதுதான் கோபமே வந்தது. அலைன்மென்ட் செய்தபோது கழற்றிய ஒரு டை ராடு எண்டில், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இல்லை. நட்டு கையாலேயே சுழன்றது. பில்லில் இல்லாத ஒரு இனாம்.

வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை: இன்ஜினை நிறுத்தி, வீல்கள் தரையில் நேராக இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் அப்படியும் இப்படியும் அசைக்கட்டும். இன்னொருவர் கீழே படுத்து, அசைவு எங்கே தொலைகிறது என்று மேலிருந்து வரிசையாகப் பார்க்கட்டும். ஸ்டியரிங் ஷாஃப்டின் ரப்பர் ஜாயின்ட், பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்டுக்கும் பிட்மேன் ஆர்முக்கும் இடையே உள்ள வித்தியாசம், டிராக் லிங்க்கின் இரண்டு எண்ட், டை ராடின் இரண்டு எண்ட். எண்ட் தன் அச்சில் உருளுவது குறையல்ல. மேலும் கீழும் குதித்தால்தான் குறை. பட்டை புஷ்ஷையும் விட்டுவிடாதீர்கள். அது தேய்ந்தால் ஆக்ஸிலே பக்கவாட்டில் நகரும், பழி ஸ்டியரிங் மேல் விழும்.

பேரிங், புஷ், எண்ட் எல்லாம் சரியான பிறகுதான் டோ. இரண்டு முன் டயர்களின் நடுவிலும் சாக்பீஸ் கோடு போட்டு, ஆக்ஸில் உயரத்தில் டேப்பால் முன்புறம் அளந்து, வண்டியைத் தள்ளி அதே கோடு பின்னால் வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். முன் அளவு 2 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்கட்டும், ரேடியல் டயருக்கு 2, 3 மி.மீ. போதும். கடைசியாக ஸ்டியரிங் வீலை நேராக்குவது டிராக் லிங்க்கில். வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டி நேராக்குவது ஏமாற்று வேலை.

வண்டியை விடும்போதே மூன்றைக் கேளுங்கள்: வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரிண்ட் அவுட், கழற்றிய பழைய பாகங்கள், ஒவ்வொரு வேலையும் தனித்தனி வரியாக எழுதிய பில். மேலே சொன்ன கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். "காஸ்டர் கேம்பர் கரெக்‌ஷன்" என்று அவரே எழுதிக் கொடுத்த வரியும், சேறு கலையாத யூ போல்ட்டின் போட்டோவும் வண்டிக்காரரிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது.