வேதத்தில் ஒரு சொல்லைத் தேட: கன்கார்டன்ஸா, செயலியா, ஸ்ட்ராங்ஸா?

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டத்திலோ அன்பியத்திலோ (கத்தோலிக்கரின் அக்கம்பக்கக் குழு) பேசப் போகிறவர்களுக்கு இரண்டு விதமான தேவை வரும். வசனம் பாதி நினைவிருக்கும், எந்த அதிகாரம் என்று தெரியாது. அல்லது வசனம் கையிலேயே இருக்கும், அதிலுள்ள ஒரு சொல்லை ஆழமாகப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே கருவியை நம்பினால் வீண் அலைச்சல்தான்.

வசனத்தைக் கண்டுபிடிக்க வேகமான வழி செல்போன் செயலி. ஆனால் அது எழுத்தைத்தான் தேடும், சொல்லைத் தேடாது. பழைய திருப்புதலில் (புராட்டஸ்டண்ட் சபைகளில் வழக்கமாக வாசிக்கும் தமிழ் பைபிள்) சங்கீதம் 1:3ஐத் தேடி ‘மரம்’ என்று அடித்துப் பாருங்கள், வராது. அங்கே இருப்பது ‘மரத்தைப்போலிருப்பான்’. சரி, ‘மர’ என்று சுருக்கி அடித்தால் மரணமெல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். ‘மரத்’ என்று ஒருமுறை, ‘மரங்’ என்று ஒருமுறை அடிப்பதுதான் வழி. வேற்றுமை உருபு ஏறும்போது சொல் எப்படி மாறும் என்று யோசித்துத் தேடுகிறவருக்குச் செயலி நன்றாகவே கைகொடுக்கும்.

கன்கார்டன்ஸ் என்பது வேதத்திலுள்ள சொற்களை அகரவரிசையில் அடுக்கி, அவை வரும் இடங்களைக் காட்டும் நூல். அச்சிட்ட தமிழ் கன்கார்டன்ஸில் இந்தத் தொல்லை குறைவு. மனிதர் தொகுத்தது என்பதால் உருபு ஏறிய வடிவங்களையும் தலைச்சொல்லின் கீழேயே பார்க்கலாம். ஒவ்வொரு இடத்திலும் வசனத்தின் ஒரு துண்டு இருக்கும். கண்ணை ஓட்டினாலே ஒரு சொல் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை போகும் பாதை தெரிந்துவிடும். பிரசங்கம் தயாரிக்கிறவருக்கு இது பெரிய லாபம். செயலியின் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில் அந்த முழுப் பார்வை கிடைப்பதில்லை. ஒத்துவாக்கியப் பைபிளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டும், சொல்லைத் தேட உதவாது.

அப்புறம் ஸ்ட்ராங்ஸ். அமெரிக்க இறையியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890ல் வெளியிட்ட ஆங்கில கன்கார்டன்ஸ் இது. கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளின் சொற்களுக்குப் பின்னாலுள்ள மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். எபிரெய (அரமேயச் சொற்களும் சேர்த்து) வரிசை 8674 வரை, கிரேக்க வரிசை 5624 வரை போகிறது. ப்ளூ லெட்டர் பைபிள் தளத்திலும், விண்டோஸில் இ-ஸ்வோர்ட், ஆண்ட்ராய்டில் மைஸ்வோர்ட் போன்ற இலவச மென்பொருள்களிலும் இந்த எண்களைப் பார்க்கலாம்.

இதன் பலம் தெரிய ‘கிருபை’யை எடுத்துக்கொள்வோம். நோவாவுக்குக் கிடைத்த கிருபை (ஆதியாகமம் 6:8), 26 வசனங்களிலும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று திரும்பத் திரும்ப வரும் 136ஆம் சங்கீதம், ‘கிருபையினாலே’ இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிற எபேசியர் 2:8. தமிழ் கன்கார்டன்ஸில் மூன்றும் ஒரே தலைப்பில் வரும். ஸ்ட்ராங்ஸில் முதலாவது எபிரெயம் 2580, ஹேன். அடுத்தது 2617, ஹெசெத். மூன்றாவது கிரேக்கம் 5485, காரிஸ். 2617ஐப் பிடித்துக்கொண்டு போனால் உடன்படிக்கையில் தவறாத அன்பு பழைய ஏற்பாடு முழுக்க விரிவதைப் பார்க்கலாம். இந்த வேலையைத் தமிழ் கன்கார்டன்ஸால் செய்யவே முடியாது.

ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அர்த்தங்களை எல்லாம் ஒரே வசனத்தில் கொட்டுவது பெரிய தவறு. அந்தச் சொல் வெவ்வேறு இடங்களில் எடுக்கும் பொருள்களின் பட்டியல்தான் அது. இந்த இடத்தில் எது என்பதை முன்பின் வசனங்கள்தான் சொல்லும். சா. கணேசன் 1939ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. பாட்டின் இடம் பார்த்துச் சொல்லுக்குப் பொருள் கொள்கிற பழக்கம் இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேதத்துக்கும் அதே கவனம் வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: ஒன்றே ஒன்று வாங்க முடியுமானால் தமிழ் கன்கார்டன்ஸ் வாங்குங்கள். செயலியும் ஸ்ட்ராங்ஸும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பவர் கன்கார்டன்ஸில் இடத்தைப் பிடித்து, முக்கியமான ஒரு சொல்லுக்கு மட்டும் ஸ்ட்ராங்ஸ் பக்கம் போனால் போதும்.

கத்தோலிக்கர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1995ல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அந்தச் சங்கீதம் திருப்பாடல் 136, அங்கே வரும் சொல் ‘பேரன்பு’. பழைய திருப்புதலுக்கான கன்கார்டன்ஸை வைத்துக்கொண்டு அதில் தேடினால் தடுமாற்றம்தான். ஸ்ட்ராங்ஸும் புராட்டஸ்டண்ட் பைபிளின் 66 நூல்களோடு நின்றுவிடுவதால் தோபித்து, சீராக், மக்கபேயர் நூல்களுக்கு உதவாது. ஒரே வீட்டில் இரண்டு பைபிளும் இருக்கிற குடும்பங்கள் உண்டு. எனவே கடையில் கன்கார்டன்ஸை எடுத்ததும், எந்த மொழிபெயர்ப்புக்காகத் தொகுத்தது என்று முன்னுரையில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.