மகளின் மார்பகக் கட்டி: காரைக்குடி மருத்துவமனையில் நாங்கள் கண்டது

என் மகளுக்கு 22 வயது. வலது மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. "வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே சொல்லாதே, விளக்கெண்ணெய் தடவு" என்றார்கள் உறவினர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. காரைக்குடியில் உள்ள ஒரு பெண்கள் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

வரவேற்பில் இருந்தவர் "மார்புக் கட்டிக்கு வந்தது யார்?" என்று கூடமே கேட்கும்படி கூப்பிட்டார். இதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். குன்றிப்போய்விட்டாள் பிள்ளை.

உள்ளே நிலைமை வேறு. பெண் மருத்துவர் திரையை இழுத்துவிட்டு, முதலில் கட்டியில்லாத பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வலது மார்பு, அக்குள், கழுத்தெலும்பின் மேல்புறம். கட்டி விரலுக்கடியில் நழுவி ஓடுவதை மகளையே தொட்டு உணரச் செய்தார். அவள் முகம் தெளிந்தது.

"மேமோகிராம், அதான் மார்பு எக்ஸ்ரே, வேண்டாமா, டாக்டர்?" என்றேன்.

"இந்த வயதில் மார்புத் திசு அடர்த்தி, ஆச்சி. மேமோகிராமில் கட்டி தெரியாமல் போகலாம். முதலில் அல்ட்ராசவுண்ட் போதும்."

ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமா போலத் தெரிந்தது. இளம்பெண்களுக்கு மிகுதியாக வருவது இதுதான், புற்றுநோய் அல்ல. ஆனாலும் மரத்துப்போக ஊசி போட்டு, சதைத்துணுக்கு எடுத்து உறுதிசெய்தார்கள். தொட்டுப் பார்த்தது, ஸ்கேன், திசுப் பரிசோதனை மூன்றும் ஒத்துப்போனதால் அறுவை வேண்டாம் என்றார்; 6 மாதத்தில் மறு ஸ்கேன், வேகமாக வளர்ந்தால் உடனே வர வேண்டும்.

இந்த மருத்துவமனைக்குத் தயங்காமல் போகலாம். ஸ்கேன் படத்தையும் அறிக்கையையும் கேட்டு வாங்கிவிடுங்கள், அடுத்த முறை அளவை ஒப்பிட வேண்டும்.